ஆய்க்குடியைப் பாராட்டும் முறை இதுதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தைப் பற்றித் தாங்கள் வெளியிட்டிருந்த இரண்டு பக்கக் கட்டுரையைப் படித்தேன். 1981ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோருக்கென அறிவித்திருந்த ஆண்டில், தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தொடங்கப்பட்ட மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வு அமைப்புக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டவள். முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த எனக்கு மறுவாழ்வுப் பயிற்சி கிடைத்தது அங்கேதான். நன்றியோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். கட்டுரையின் கடைசி வாக்கியம் விடவில்லை. “மாவட்டத்துக்கு ஓர் ஆய்க்குடி இருந்துவிட்டால், தங்கள் காலத்துக்குப் பிறகு இவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று எந்தப் பெற்றோரும் கண்ணீர் விட வேண்டியதில்லை” என்று கட்டுரையாளர் உருகியிருக்கிறார்.

அவருடைய நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் பண்டிகைக்கு வேண்டாத பாத்திரங்களைத் துலக்கிப் பரணில் ஏற்றிவைப்பதைப் போல, எங்களையும் மரநிழலும் காற்றோட்டமும் உள்ள ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டால் ஊருக்கு நிம்மதி என்பதைத் தவிர அந்த வாக்கியத்துக்கு வேறென்ன பொருள் கொள்வது? ஆய்க்குடியின் பெருமை எத்தனை பேரை உள்ளே வைத்திருக்கிறது என்பதில் இல்லை. எத்தனை பேரை அவரவர் வீட்டுக்கும் வேலைக்கும் திருப்பி அனுப்பியிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒருவரைக்கூடத் தங்கள் நிருபர் சந்திக்கவில்லை என்பது கட்டுரையிலேயே தெரிகிறது.

இத்தனைக்கும் சங்கத்தைத் தொடங்கிய திரு. எஸ். ராமகிருஷ்ணன் அவர்களின் கதையைக் கட்டுரை நன்றாகவே சொல்லியிருந்தது. 1975இல் பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படை அதிகாரித் தேர்வில் தாண்டிக் குதித்துக் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் அடிபட்டதும், சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரையே அமைப்புக்கு வைத்ததும், 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதும் வாசகர்களுக்குத் தெரிய வேண்டியவைதாம். ஆனால் அந்தக் கதையின் சாரம் கட்டுரையாளரின் கையில் அகப்படவில்லை. கழுத்துக்குக் கீழே இயக்கமிழந்த இளைஞர் ஒருவர், ‘என்னை யார் பார்த்துக்கொள்வார்கள்’ என்று காத்திருக்காமல், மற்றவர்களுக்காகப் பள்ளி தொடங்கினார். தசைச்சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர் திரு. சங்கரராமன் அவருடன் வந்து சேர்ந்தார். சக்கர நாற்காலியில் இருப்பவர்களே முடிவெடுக்கும் இடம் அது. 1972இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில், இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டு இரும்பு நுரையீரல் என்னும் சுவாசக் கருவிக்குள் இரவுகளைக் கழித்த எட் ராபர்ட்ஸும் தோழர்களும் தற்சார்பு வாழ்வு மையத்தைத் தொடங்கியபோது வற்புறுத்தியதும் இதையேதான். எங்களுக்கு எது தேவை என்பதை எங்களைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை என்றார்கள் அவர்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாளன்று சிறப்புப் பக்கம் வெளியிடும் தங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

பயிற்சியில் என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்றாவது கட்டுரை சொல்லியிருக்கலாம். உணர்வில்லாத உடம்பு புண்ணாவதை உடம்பு சொல்லாது. ஆகவே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது இரு கைகளையும் ஊன்றி இடுப்பைத் தூக்கிச் சற்று நேரம் நிறுத்த வேண்டும். அதைக் கால்மணி அரைமணிக்கு ஒருமுறை, பேச்சின் நடுவிலும் பாடத்தின் நடுவிலும் செய்தாக வேண்டும். இரவில் படுக்கையில் புரண்டு படுக்க வேண்டும். காலையில் கைக்கண்ணாடியைப் பின்புறம் பிடித்துத் தோலில் எங்காவது சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீர்க் குழாயை நானே செருகி நானே எடுக்கவும், வழவழப்பான பலகை ஒன்றின் மேல் நகர்ந்து கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும் பழகினேன். வீட்டுக் குளியலறைக் கதவின் அகலத்தை அளந்து வரச் சொன்னார்கள். அளந்ததில் நாற்காலி நுழையாது என்று தெரிந்ததும், கொத்தனாரை அழைத்து நிலையைப் பெயர்த்தோம். இவ்வளவும், நான் என் வீட்டில் என் சமையலைச் செய்து என் வேலைக்குப் போய்வர வேண்டும் என்பதற்காக.

அந்த மையம் தன் வேலையை முடித்துத்தான் என்னை அனுப்பியது. அதற்குப் பிறகு ஊர் தன் வேலையைத் தொடங்கியது.

தமிழாசிரியையான எனக்கு, திரும்பி வந்த ஆண்டில் மாடி வகுப்பை ஒதுக்கினார்கள். கீழ்த்தளத்தில் அறை கேட்டபோது, ‘உங்கள் நன்மைக்காகச் சொல்கிறோம், விருப்ப ஓய்வு பெறலாமே, டீச்சர்’ என்றார்கள். பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு சொல்வதை எழுதிக் கொடுத்த பிறகே, யாருக்கும் விருப்பமில்லாத அந்த விருப்ப ஓய்வுப் பேச்சு நின்றது. அரசு அலுவலகம் ஒன்றில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. அங்கே நான்கடியில் முடித்துவிட்டார்கள். அதில் ஏறுவதற்கு நாற்காலி போதாது, பாறை ஏறுகிறவர்களின் கயிறும் வேண்டும். அப்படியே ஏறினாலும் உச்சியில் பூட்டிய கம்பிக் கதவு இருக்கிறது. சாவி வைத்திருப்பவர் எப்போதும் தேநீர் அருந்தப் போயிருப்பார். எங்கள் வழித்தடப் பேருந்தின் தளமோ நாற்காலியில் இருக்கும் என் தோள் உயரத்தில் வந்து நிற்கிறது. சம்பளத்தில் கணிசமான பகுதி ஆட்டோவுக்குப் போகிறது.

சென்ற தேர்தலின்போது தங்கள் நாளிதழில் வெளிவந்த படத்தையும் நினைவூட்ட அனுமதிக்க வேண்டும். வாக்குச்சாவடிப் படிகளில் முதியவர் ஒருவரை நாற்காலியோடு நான்கு இளைஞர்கள் தூக்கிச் செல்லும் அந்தப் படத்துக்கு ‘மனிதநேயம்’ என்று தலைப்பிட்டிருந்தீர்கள். இளைஞர்கள் நல்லவர்கள்தாம். அந்தச் சாவடியில் ஏன் சாய்தளம் இல்லை என்று ஒரு வரி கேட்டிருந்தால் மனிதநேயத்துக்கு ஒன்றும் குறைந்துபோயிருக்காது. தூக்கப்படுபவரின் முகத்தை அந்தப் படத்தில் யாராவது பார்த்தீர்களா? நான் பார்த்தேன். அப்படித் தூக்கப்பட்டிருக்கிறேன். தூக்குகிறவர்களின் கை சற்று நழுவினாலும் போதும் என்ற அச்சத்தில் நாற்காலியின் பக்கக் கம்பியைப் பிடித்திருக்கும் விரல்கள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சட்டம் தங்களுக்குத் தெரியாததல்ல. எந்த மாற்றுத்திறனாளியும் குறிப்பிட்ட ஒரு தங்குமிடத்தில்தான் வாழ வேண்டும் என்ற நிலைக்குத் தள்ளப்படாமலும், சமூகத்தோடு வாழத் தேவையான தனி உதவியாளர் உள்ளிட்ட சேவைகள் கிடைக்கும்படியும் அரசு முயல வேண்டும் என்று அதே சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்கிறது. இருக்கின்ற பொதுக் கட்டடங்களைச் சீர்செய்ய 2017இல் விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்தாண்டு அவகாசம் கொடுத்தார்கள். அதுவும் 2022இல் முடிந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகள் அணுகுவதற்கான தரநிலைகள் வெறும் பரிந்துரைகளாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லியாகிவிட்டது. தண்டுவடப் பாதிப்புள்ளவர்களுக்குத் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். உதவியில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தொகைக்கு முழுநேர உதவியாளர் கிடைப்பாரா என்பதைத் தங்கள் அலுவலகக் கணக்கரிடம் கேட்டாலே தெரிந்துவிடும். ஆய்க்குடிக்குப் பெருமை சேர்க்க விரும்பும் இதழ் எழுத வேண்டியவை இவை. மாவட்டத்துக்கு ஓர் ஆய்க்குடி வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அங்கிருந்து திரும்பி வருபவர்கள் நுழையக்கூடிய மாவட்டமும் வேண்டும்.

இனி என் கோரிக்கை. எனக்கு உதவியாக இருந்த அக்கா தன் மகள் வீட்டோடு போய்விட்டதால், ‘உதவியாளர் தேவை’ என்று வரி விளம்பரம் கொடுக்க எங்கள் ஊரிலுள்ள தங்கள் கிளை அலுவலகத்துக்குச் சென்றேன். வாசலில் மூன்று படிகள். தெருவில் நாற்காலியை நிறுத்திவிட்டு, உள்ளே இருந்தவரிடம் விளம்பர வாசகத்தை உரக்கச் சொன்னேன். எனக்குக் குளிக்கவும் உடுத்தவும் எவ்வளவு உதவி வேண்டும் என்பது எதிர்ச்சாரிப் பலசரக்குக் கடைக்கும் அன்று தெரிந்துபோயிற்று. விளம்பரம் ‘நோயாளியைக் கவனித்துக்கொள்ள’ என்று அச்சாகி வந்தது. அதைப் பார்த்து வந்தவர்களில் இருவர் என்னிடம் ஒன்றும் கேட்காமல், நோயாளி எங்கே என்று என் தம்பியிடம் விசாரித்தார்கள். நான் நோயாளி அல்ல. பத்தாம் வகுப்புக்குத் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

அந்த மூன்று படிகளின் மேல் சாய்தளம் ஒன்று அமைத்துத் தர வேண்டுகிறேன். படியின் மொத்த உயரம் ஒன்றரை அடி. ஆகவே பதினெட்டு அடி நீளம் வேண்டும். வாசலில் நேராக இடம் போதாது, பக்கவாட்டில் திருப்பினால் வண்டி நிறுத்துமிடத்தில் தாராளமாக அமையும். அது முடியும் வரை விளம்பரம் வாங்குபவர் படியிறங்கி வந்து எழுதிக்கொண்டாலும் போதும். விளம்பரம் இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
தென்காசி.