நாய் வளர்ப்போர் வட்டம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்து இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அரிசோனாவின் சாண்ட்லர், கில்பர்ட், குயின் கிரீக் பகுதிகளில் நாய் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் நம் வட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். பொங்கல் சந்திப்பு, வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாம், தீபாவளிக்கு வெடிச்சத்தம் இல்லாத இடத்தில் நாய்களோடு ஒன்றுகூடல், மூன்றும் குறைவில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மற்ற நேரம், பணம், வாக்குவாதம் எல்லாம் இந்த ஆண்டு ஒரே விஷயத்துக்குப் போனதால் அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்: ராட்டில்ஸ்நேக், வால் நுனியைக் கிலுகிலுக்கும் விஷப்பாம்பு.

நாம் குடியிருப்பது பாம்புகளின் நாட்டில். அரிசோனாவில் மட்டும் 13 வகை ராட்டில்ஸ்நேக் உண்டு. அமெரிக்காவின் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை வகை கிடையாது. நம் வீடுகளுக்கு அருகில் அதிகம் தென்படுவது வெஸ்டர்ன் டைமண்ட்பேக். அதற்கு அடுத்தபடி நாம் பயப்பட வேண்டியது மொஹாவி. சான் டான் மலையடிவாரம் வரை வீடு கட்டிக்கொண்டே போய்விட்டு, பாம்பு வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அலறுவதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. அதற்காக நாயைப் பலிகொடுக்கவும் முடியாதே.

2024இன் வெயில் எல்லோருக்கும் நினைவிருக்கும். மே 27 தொடங்கி செப்டம்பர் 16 வரை ஃபீனிக்ஸில் தொடர்ந்து 113 நாள் பகல் உச்சவெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. முந்தைய சாதனை 1993இல் 76 நாள். 100 டிகிரியைத் தொட்டால் மாநகரின் மலைப்பாதைகளில் நாயைக் கூட்டிப்போகக் கூடாது என்று ஃபீனிக்ஸில் விதியே இருக்கிறது. ஆகவே நாமெல்லாம் விடியும் முன்பும் இருட்டிய பிறகும் நடக்கப் பழகிக்கொண்டோம். பாம்பும் அதையேதான் செய்கிறது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பகலில் வெளியே வரும் ராட்டில்ஸ்நேக், கோடை முற்றியதும் சுடும் தரையில் கிடக்க முடியாமல் இரவுக்கு மாறிவிடும். பாதம் வெந்துவிடக் கூடாது என்று நாம் நாய்க்குத் தேர்ந்தெடுத்த நேரமும் பாம்பு இரை தேடக் கிளம்பும் நேரமும் ஒன்றாகிவிட்டன. கையில் டார்ச் இல்லாமல் யாரும் கிளம்பக் கூடாது என்று செயற்குழு ஜூனில் சொன்னதன் காரணம் இதுதான். கைப்பேசி வெளிச்சம் போதாதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். போதாது.

இந்த ஆண்டு நம் வட்டத்தில் இரண்டு நாய்கள் கடிபட்டன.

முதலாவது ஏப்ரலில், ஒரு மலைப்பாதையில். இழுத்தால் நீளும் வகைக் கயிற்றில் போய்க்கொண்டிருந்த லாப்ரடார், புதர் ஓரம் மூக்கை விட்டது. கிலுகிலு சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று கூட நடந்த பெரியவர் சொன்னார், நம்பத்தக்கதுதான். ராட்டில்ஸ்நேக் எச்சரித்துவிட்டுத்தான் கடிக்கும் என்ற உத்தரவாதம் எதுவும் கிடையாது. அசையாமல் கிடந்து நிறத்தோடு நிறமாக மறைந்துகொள்வதே அதன் முதல் தற்காப்பு. சத்தமெல்லாம் அதற்குப் பிறகுதான். கடி மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே. நாய்களுக்குப் பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோதான் கடி விழும், ஏனென்றால் நாய் எதையும் மூக்கால்தான் விசாரிக்கிறது.

அந்தப் பெரியவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், மகன் வீட்டுக்கு ஆறு மாதம் வந்திருந்தவர். ஊரில் செய்வதுபோல் தோளில் கிடந்த துண்டைக் கிழித்துக் கட்டப் பார்த்தார். முகத்தில் எங்கே கட்டுவது? நல்லவேளை, அந்த வழியாக வந்த ஒரு பெண்மணி கழுத்துப்பட்டையை உடனே கழற்றச் சொன்னார். வீக்கம் கழுத்துக்கு இறங்கும்போது பட்டையே சுருக்காகிவிடும். நாயை நடக்கவிடாமல் தூக்கி வந்து காரில் போட்டார்கள். முதலில் போன மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருப்பில் இல்லை. அங்கே வலிக்கு மருந்தும் சலைனும் ஏற்றி இன்னொரு இடத்துக்கு அனுப்பினார்கள். அதற்குள் முகம் இரு மடங்காகிவிட்டது. இரண்டாவது இடத்தில் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது சிவப்பணுக்கள் முள்முள்ளாக மாறியிருந்தன; ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் சரிந்திருந்தன. மருந்து ஏற்றினார்கள். நாய் பிழைத்துக்கொண்டது. இன்று பின்வாசலில் கட்டிக்கிடப்பதும் அதுதான், உங்கள் சாம்பார்சாதத்தை யாரும் கீழே வைக்காதீர்கள்.

இரண்டாவது கடி செப்டம்பரில், வீட்டுத் தோட்டத்தில், இரவில். சின்ன ஜாதி நாய். வெளியே போய்விட்டு உள்ளே வந்து மூலையில் படுத்துக்கொண்டது. கத்தவும் இல்லை. காலையில்தான் கால் கறுத்து வீங்கியிருந்தது தெரிந்தது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தும் பிழைக்கவில்லை. பெரிய நாயைக் கடித்தாலும் சின்ன நாயைக் கடித்தாலும் பாம்பு இறக்கும் விஷம் ஒன்றாக இருக்கலாம். தாங்கும் உடம்பு வேறு. அந்தக் குடும்பம் இன்று வரவில்லை. அவர்கள் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது செயற்குழுவுக்கு வேலை எங்கே என்பது தெளிவாயிற்று. அதுவரை கூட்டத்துக்குக் கூட்டம் பாம்புக்கடித் தடுப்பூசி பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். டைமண்ட்பேக்கின் விஷத்தை வைத்துச் செய்த தடுப்பூசி ஒன்று நாய்களுக்காக இருபதாண்டுகளுக்கு முன்பே இங்கே விற்பனைக்கு வந்தது. அதைப் போட்டிருந்தாலும் கடிபட்ட நாயை எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடத்தான் வேண்டும். டைமண்ட்பேக்கிலிருந்து வேறான விஷமுள்ள மொஹாவி போன்ற பாம்புகளுக்கு அதை நம்ப முடியாது. உண்மையில் கடிபட்ட நாய்களிடம் அது எவ்வளவு உதவியது என்பதற்கான சான்றும் மெலிதுதான். வேண்டுமென்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுக்கட்டும். வட்டத்தின் பணத்தை அதில் போட வேண்டாம் என்பது செயற்குழுவின் பெரும்பான்மைக் கருத்து, என் கருத்தும் அதுவே.

நாயைக் காப்பாற்றுவது விஷமுறிவு மருந்தும் அது ஏறும் நேரமும்தான். அதனால் மே மாதத்திலிருந்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். நம் பகுதியில் இரவும் பகலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனைகளுக்கு மாதம் ஒருமுறை போன் செய்து, மருந்து இருக்கிறதா, எத்தனை குப்பி, குப்பி என்ன விலை என்று கேட்டு எழுதிவைக்கிறோம். சலிப்பான வேலைதான், ஆனால் இந்த ஆண்டு நாம் செய்ததில் உருப்படியானது இதுவே. விலை இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரு குப்பி பல நூறு டாலர், சில இடத்தில் ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஒன்றுக்கு மேல் தேவைப்படுவதும் உண்டு. விபத்துச் செலவை ஏற்கும் நாய்க் காப்பீடு எடுத்தவர்கள் தங்கள் பாலிசியில் பாம்புக்கடி வருகிறதா என்று இன்று வீட்டுக்குப் போய்ப் படித்துவிடுங்கள். பட்டியல் இருந்தாலும் கிளம்பும்போது வழியிலிருந்தே ஒரு போன் செய்யுங்கள். நேற்று இருந்த குப்பி இன்று வேறொரு நாய்க்குப் போயிருக்கும்.

ஒரு பெரியவர் ஆகஸ்ட் கூட்டத்தில் கேட்ட கேள்வியைக் குறிப்பேட்டில் பதிந்திருக்கிறோம்: நம்ம ஊர் ஊசி பவுடராகத்தானே வருகிறது, வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால் என்ன? அக்கறையான கேள்வி. ஊர் மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கு எதிராகச் செய்யப்படுவது. 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கும் விஷம்தான் அதற்கு முக்கிய மூலப்பொருள். இங்குள்ள பாம்பின் விஷத்தை அது முறிக்காது. சுங்கத்தில் மாட்டிக்கொள்வதுதான் மிச்சம்.

ஊர்க் கைவைத்தியம் பற்றியும் இந்த அவையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கட்டுப் போடுவது, கீறிவிடுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம்; இருக்கிற சதையையும் அவை கெடுக்கும். மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள், ரத்தம் உறையாமல் இருக்கும் உடம்பில் அது இன்னொரு கேடு. ஒவ்வாமை மருந்தான பெனட்ரில் கொடுத்துப் பார்த்துவிட்டுக் காலையில் போகலாம் என்ற பேச்சு வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. பெனட்ரில் விஷத்தை முறிக்காது. கடித்த பாம்பை அடித்துக் கொண்டுபோகவும் தேவையில்லை. வெட்டிய தலைகூடக் கொஞ்ச நேரத்துக்குக் கடிக்கும். வீக்கம் குறைவு, அதனால் பயமில்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். மொஹாவி கடித்தால் சில நேரம் வீக்கம் அதிகம் காட்டாமலே நாய் தள்ளாடும், மூச்சு தளரும். விஷமே இறங்காத கடியும் உண்டுதான், ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர்.

அடுத்து வீட்டு வேலை. செப்டம்பர்ச் சம்பவத்துக்குப் பிறகு இளைஞர் அணி வீடு வீடாகப் போய்ச் சுற்றுச்சுவரைப் பார்த்தது. நம் பிளாக் சுவர்கள் பிரச்சினையே இல்லை. ஓட்டை பக்கவாசல் கதவுக்கு அடியில்தான், அநேகமாக எல்லா வீட்டிலும். கதவடியில் ரப்பர்ப் பட்டை அடித்துக்கொடுத்தோம். பாலைவனம் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கம்பி வேலி வைத்தவர்களுக்குக் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை மூன்றடி உயரத்துக்கு, அடியைச் சில அங்குலம் மண்ணில் புதைத்துக் கட்டினோம். இதற்கு ஹெச்.ஓ.ஏ. என்ற வீட்டுரிமையாளர் சங்கத்தின் அனுமதி வாங்குவது பாம்பு பிடிப்பதைவிடக் கடினமாக இருந்தது. பிறகு, எலி. ஆரஞ்சு மரத்தடியில் அழுகிக் கிடக்கும் பழம், பறவைக்குப் போடும் தானியம், நாய் மிச்சம் வைத்த சாப்பாட்டுத் தட்டு, விறகு அடுக்கு இவை இருக்கும் இடத்துக்கு எலி வரும், எலி வரும் இடத்துக்குப் பாம்பு வரும். காக்கைக்குச் சோறு வைக்கும் அம்மாக்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது: வையுங்கள், காக்கை தின்றதும் இலையை எடுத்துவிடுங்கள். இங்கே அதைத் தின்ன வருவது காக்கையாகவும் இருக்காது.

இனி, ஆண்டு முழுக்க நம்மை இரண்டாக்கிய பயிற்சி விவகாரம். பாம்பைக் கண்டால் நாய் விலகிப் போகப் பழக்கும் பயிற்சி இங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது. வாய் கட்டிய அல்லது பற்களை நீக்கிய உயிருள்ள பாம்பின் அருகே நாயை விடுவார்கள். அதன் வாசனை, உருவம், சத்தம் ஒவ்வொன்றையும் நாய் கவனிக்கும் நொடியில் கழுத்துப்பட்டையிலிருந்து மின்னதிர்ச்சி. ஒரே நாளில் முடிந்துவிடும், ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கச் சொல்வார்கள். இதை எதிர்ப்பவர்கள் நம்மிடமே இருக்கிறார்கள். 2021இல் அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம், நாய்ப் பயிற்சி எதுவானாலும் வலியும் பயமும் இல்லாத, வெகுமதி வழியிலேயே இருக்க வேண்டும் என்று நிலைப்பாடு வெளியிட்டது. வாசனை வந்தால் திரும்பி நம்மிடம் ஓடிவர நாயைப் பழக்குவது அந்த வழி. அதற்கு வாரக்கணக்கில் உழைக்க வேண்டும், நாம் கூட இருக்கவும் வேண்டும்.

இரு தரப்பும் ஒருவரை ஒருவர் பேசிய பேச்சைக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை. என் கருத்தைக் கேட்டால், தூங்கும் பாம்பைப் பார்க்காமல் மிதிக்கும் நாயை எந்தப் பயிற்சியும் காப்பாற்றாது. அதற்கு ஆறடிக்கு மேல் நீளாத கயிறுதான் வேண்டும். பாம்பு தன் உடல் நீளத்தில் பாதித் தூரம் வரை பாயும். பாதையின் நடுவில் ஆறடிக் கயிற்றில் நாய் நடந்தால் பாதி ஆபத்து அங்கேயே குறைகிறது. ஆனாலும் மலையடிவாரத்தில் பெரிய தோட்டத்தோடு இருப்பவர்கள் தங்கள் நாய்க்குப் பயிற்சி வேண்டும் என்று நினைப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். எனவே செயற்குழு கொண்டுவரும் தீர்மானம் இது: வட்டத்தின் செலவில் வெகுமதி வழிப் பயிற்சி மட்டும் நடத்தப்படும்; மற்றதற்குச் செல்வது அவரவர் விருப்பம், அதைப் பற்றி வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் யாரும் யாரையும் ஏச வேண்டாம். வாக்கெடுப்பு பொருளாளர் அறிக்கைக்குப் பிறகு.

கம்பிவலை வேலைக்கு விடுமுறை நாட்களைக் கொடுத்த இளைஞர் அணிக்கும், எந்த நேரத்தில் போன் செய்தாலும் பொறுமையாகப் பதில் சொன்ன மருத்துவமனை வரவேற்பாளர்களுக்கும் வட்டத்தின் நன்றி.

பாம்புகள் மார்ச்சில் வெளிவரத் தொடங்கும். அதற்கு முன் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். மருத்துவமனைகளுக்குப் போன் செய்ய இன்னும் இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள். முன்வருபவர்கள் காபி இடைவேளையில் இணைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்