அக்காவுக்கு, பதினோரு வருஷம் கழித்து

அக்கா,

ஆச்சி திதிக்கு இலை போட்ட போட்டோ காலையில் வந்தது. அதற்குக் கீழேயே உன் மெசேஜ்: "குட்டி பிரேசில்ல இருக்கும்போது இங்க ஏதாவது ஆச்சுன்னா சொல்ல வேண்டாம். உனக்குச் செஞ்ச மாதிரியே பாத்துக்கிடலாம்." என்னவோ எனக்கு நல்லது செய்த மாதிரி.

போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால் இங்கே எழுதுகிறேன். சித்தியும் மாமாவும் படிப்பார்கள் என்று தெரியும். ஆச்சி போனதை என்னிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தது யார் என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை.

2014 டிசம்பர் 6, சனிக்கிழமை. ரோட்டரி சங்கத்தின் மாணவர் பரிமாற்றத்தில் நான் ஒரு வருஷம் போயிருந்த ஜெர்மனியின் லூபெக்கில் நாலு மணிக்கே இருட்டிவிட்டது. உங்களுக்கு ராத்திரி எட்டரை. அங்கே நிக்கோலாஸ் நாள். முந்தின ராத்திரி ஷூவைத் துடைத்து வாசலில் வைத்தால் காலையில் அதற்குள் சாக்லேட் இருக்கும். மீசை முளைத்த என்னையும், நான் தங்கியிருந்த வீட்டின் ஹோஸ்ட் அம்மா வைக்கச் சொன்னார். அந்த ஷூவைத்தான் ஸ்கைப்பில் தூக்கிக் காட்டினேன். உன் மடியில் குட்டி, அஞ்சு வயசு.

"ஆச்சி செருப்பு வாசல்ல இல்ல மாமா. ஆச்சி சாமிகிட்ட போயி..."

உன் கை வந்து அவள் வாயைப் பொத்தியது. வளையல் சத்தம்கூடக் கேட்டது. "ஆச்சி தூங்குதாவ" என்று சிரித்தாய்.

"நெட் சரியில்லக்கா" என்று கட் பண்ணினேன். நெட்டுக்கு ஒன்றுமில்லை.

ஆச்சியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நாலு நாள்கூட ஆகியிருக்கவில்லை என்று அப்புறம்தான் கணக்குப் பார்த்தேன். ஏழு மாதம் மறைத்தீர்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன், ஏழு மாதமும் கேட்காமல் இருந்ததைச் சொல்லவில்லை. கேட்டால் திரும்பி வர வேண்டியிருக்குமோ என்ற பயம். ரோட்டரியில் வருஷத்துக்கு ரெண்டு மூன்று வீடு மாற்றுவார்கள். ஜனவரியில் போகவிருந்த வீட்டில் ஆல்ப்ஸ் பனிச்சறுக்குக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆமாம், அதுதான் காரணம். பதினாறு வயசுக்கா.

அன்று ராத்திரி வழக்கம்போல அடுப்பு பற்ற வைக்காத சாப்பாடு, ரொட்டியும் சீஸும். "வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?" என்றார் ஹோஸ்ட் அம்மா. "ஆலஸ் கூட்", எல்லாம் நலம் என்றேன்.

ஜூலையில் வந்ததும் மார்சிபான் பெட்டியை எடுத்தேன். லூபெக் அதற்குப் பேர்போன ஊர். பாதாமும் சர்க்கரையும் அரைத்துச் செய்வது, பல்லில்லாதவர்களும் சாப்பிடலாம். அதை நீட்டி "ஆச்சி எங்க?" என்றேன். தெரிந்தேதான் கேட்டேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தது உனக்கு மறந்திருக்காது. மன்னித்துவிடு. அம்மாவிடம் இதைச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

ஆச்சிக்கு ராத்திரி பகலாகப் பார்த்தவள் நீ. என் பனியனில்கூடப் பெயர் எழுதிப் பெட்டி அடுக்கியவளும் நீ. அதற்காக அந்தக் கை சரி என்று ஆகிவிடாது. ஒரே ஒரு போன். அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பேன்.

குட்டிக்கு ரோட்டரி பிளேசர் அளவு கொடுத்தாயாமே. கொஞ்சம் லூசாகத் தைக்கச் சொல். மற்ற நாட்டுப் பிள்ளைகள் தரும் பின்னையெல்லாம் குத்தினால் முன்பக்கம் கனத்துத் தொங்கும். பிரேசில் நமக்கு எட்டரை மணி நேரம் பின்னால். நம் ராத்திரி எட்டரை அவளுக்கு மத்தியானம்.

இன்றைக்கு எட்டரைக்குக் கூப்பிடுகிறேன். அவளையும் பக்கத்தில் உட்கார வை.