உன் இனிட் ஏன் பேசல, என் போர்டு ஏன் நின்னுச்சு

அன்பு நண்பா,

உன் லெட்டர் வந்து ரெண்டு வாரம் ஆயிடுச்சு, பதில் லேட் ஆனதுக்குக் காரணமே நீ கேட்ட விஷயந்தான், அதக் கீழ சொல்றேன். வீட்ல எல்லாரும் சௌக்கியம், பொண்ணு காலேஜ் சேந்துட்டா, எனக்குக் கண்ணாடி பவர் ஏறிடுச்சு, மத்தபடி புதுசா ஒண்ணும் இல்ல. இத்தன வருஷம் கழிச்சு நீ மறுபடி கர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) பக்கம் வந்துட்டேன்னு படிச்சதும் மனசு நெறஞ்சு போச்சுடா, லேப்ல ஒரே டெர்மினலுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ராத்திரி முழுக்க உக்காந்திருந்ததெல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு.

மொதல்ல உன் பிரச்சன. கர்னல் மெசேஜ் எல்லாம் சீரியல்ல ஒழுங்கா வருது, ஆனா நீ எழுதுன இனிட், அதாவது கர்னல் எழும்பினதும் மொதல்ல ஓட்டற புரோகிராம், ஒரு எழுத்து கூட காட்டலன்னு எழுதியிருந்த. நீ அனுப்புன பூட் வரிய, அதாவது கர்னலுக்கு ஆரம்பத்துல குடுக்கற ஆப்ஷன் வரியப் பாத்தேன், மெசேஜ் எங்க போகணும்னு சொல்ற கன்சோல் ரெண்டு இருக்கு, கன்சோல்=டிடிஒய்எஸ்0,115200 (சீரியல் போர்ட்டும் அதோட வேகமும்) மொதல்ல இருக்கு, கன்சோல்=டிடிஒய்0 (ஸ்கிரீன்) அதுக்கு அப்புறம் இருக்கு. அந்த வரிசைலதான் வில்லங்கம். கர்னல் மெசேஜ் போடற பிரின்ட்கே ஃபங்ஷன் எழுதுறது நீ கேட்ட ரெண்டு கன்சோலுக்கும் போயிடும், ஆனா டெவ் கன்சோல்னு ஒரு டிவைஸ் இருக்கு பாரு, மேஜர் 5 மைனர் 1, அது கடைசியா எழுதுன கன்சோல் எதுவோ அதத்தான் புடிச்சுக்கும். இனிட்ட ஓட விடறதுக்கு முன்னாடி கர்னலே டெவ் கன்சோலத் திறந்து 0, 1, 2ன்னு இன்புட், அவுட்புட், எரர் மூணு டிஸ்கிரிப்டரையும் அதுல மாட்டி விட்ருது. அதனால உன் புரோகிராம் பேசிட்டுத்தான் இருக்கு, மானிட்டரே சொருகாத ஸ்கிரீன்ல பேசிட்டு இருக்கு. ரெண்டையும் இடம் மாத்திப் போடு, சரியாயிடும். அப்பவும் வரலன்னா இனிட்ராம்எஃப்எஸ்குள்ள (பூட் ஆகறப்ப மெமரில ஏத்தற குட்டி ஃபைல் சிஸ்டம்) டெவ் கன்சோல் நோடு இருக்கான்னு பாரு, அது இல்லன்னா ஆரம்ப கன்சோலத் திறக்க முடியலன்னு கர்னல் ஒரே ஒரு வரி எச்சரிக்கை போட்டுட்டுப் போயிட்டே இருக்கும், நூறு வரிக்கு நடுவுல அது கண்ணுல படாது.

ஷெல்ல கன்ட்ரோல்-சி வேல செய்யலன்னு கேட்டதுக்கும் இதேதான் வேரு. டெவ் கன்சோலத் திறந்தா அது எந்த ப்ராசஸுக்கும் கன்ட்ரோலிங் டெர்மினல், அதாவது கன்ட்ரோல்-சி மாதிரி சிக்னல் அனுப்பற டெர்மினல், ஆகாது, கர்னல் வேணும்னே அப்படி வெச்சிருக்கு. கன்ட்ரோலிங் டெர்மினல் இல்லன்னா சிக்னல யாருக்கு அனுப்பறதுன்னு டிடிஒய்க்கு, அதாவது கர்னலோட டெர்மினல் பகுதிக்குத் தெரியாது. புதுசா ஒரு செஷன் ஆரம்பிச்சு, டெவ் டிடிஒய்எஸ்0வ நேரடியா திறந்து, அதுக்கு மேல ஷெல்ல ஓட்டு. பிஸிபாக்ஸ்ங்கற கருவித் தொகுப்புல இதுக்குன்னே சிடிடிஒய்ஹேக்னு ஒரு குட்டிக் கருவி இருக்கு.

இப்ப என் கதை, பதில் லேட் ஆனதுக்குக் காரணமும் இதான். ஒரு புது போர்டு, கர்னல ஏத்திட்டு இருந்தோம். எர்லிகான்னு ஆரம்ப நேரத்துக் கன்சோல் ஒண்ணு போட்டிருந்தேன், அதனால உண்மையான சீரியல் டிரைவர் எழும்பறதுக்கு முன்னாடியே மெசேஜ் வர ஆரம்பிச்சுடும். மெமரி வந்துச்சு, சிபியு நாலும் எழும்புச்சு, வரி வரியா ஓடிட்டே இருந்துச்சு, யூஸ் ஆகாத கிளாக்கையெல்லாம் (சிப்ப ஓட்டற துடிப்பு) நிறுத்தறேன்னு ஒரு வரி வந்துச்சு, அவ்வளவுதான், அதோட போர்டு ஊமையாயிடுச்சு. மூணு நாள் நாங்க எல்லாரும் அந்த வரிக்கு அடுத்து என்ன ஓடுதுன்னு தேடிட்டு இருந்தோம், ஃபைல் சிஸ்டம்னு ஒருத்தர், மெமரி கன்ட்ரோலர்னு ஒருத்தர், எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. நாலாவது நாள் காலைல அந்தக் கடைசி வரியவே திரும்பத் திரும்பப் படிச்சுட்டு இருந்தப்பதான் பொறி தட்டுச்சு. சிப்போட கால்கள எந்த வேலைக்குன்னு பிரிச்சு விடற பின் கன்ட்ரோல் டிரைவர கர்னல் கான்ஃபிக்ல போட மறந்திருக்கோம், அதுக்காகக் காத்துக்கிட்டு சீரியல் டிரைவர் எழும்பவே இல்ல, எழும்பாததால சீரியல் சிப்போட கிளாக்க யாரும் உரிமை கொண்டாடல, யாரும் கேக்காத கிளாக்குன்னு நெனச்சு கர்னல் அத நிறுத்திடுச்சு. தன் வாயத் தானே பொத்திக்கிச்சுடா! அதோட விட்டுச்சா, அடுத்த எழுத்த அனுப்ப எர்லிகான் ட்ரான்ஸ்மிட் காலியா, காலியான்னு ஸ்டேட்டஸ் பிட்டப் பாத்துக்கிட்டே சுத்துது, கிளாக் நின்ன சிப்புல அந்த பிட் மாறவே மாறாது, அப்ப மொத்த மெஷினும் அங்கயே நின்னுடுது. யூஸ் ஆகாத கிளாக்க விட்டுடுன்னு பூட் வரில ஒரு ஆப்ஷன் சேத்தேன், மெசேஜ் மறுபடி ஓட ஆரம்பிச்சுச்சு, எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

அதுல இருந்து கன்சோல பத்தின என் எண்ணமே மாறிப் போச்சு. மத்த டிரைவர் செத்தா கன்சோல் சொல்லும், கன்சோலே செத்தா சொல்ல ஆளே இல்ல. அதனால நீ உன்னோட குட்டி கர்னல எழுதறப்ப கன்சோலுக்கு ரெண்டு வழி வை. ஒண்ணு சாதாரண நாளுக்கு, சிப் தயாரானதும் கூப்பிடற இன்டரப்ட் வெச்சு, பஃபர் வெச்சு, நிதானமா அனுப்பறது. இன்னொண்ணு பானிக்குக்கு, அதாவது கர்னல் மீள முடியாம விழற நேரத்துக்கு, இன்டரப்ட் வேணாம், மெமரி அலக்கேஷன் வேணாம், தூங்கற லாக் எதுவும் வேணாம், சிப்போட ஸ்டேட்டஸப் பாத்து நேரா ஒரு பைட் எழுதறது மட்டும். அந்தக் காத்திருப்புக்கும் ஒரு எல்லை வை, இத்தன தடவ பாத்தும் காலியாகலன்னா எழுத்த விட்டுட்டு நகந்துடு. நாங்க பட்டது நீயும் பட வேணாம்.

வேகத்தையும் மனசுல வெச்சுக்கோ. நொடிக்கு 115200 பிட் வேகத்துல ஒரு எழுத்துக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேத்து 10 பிட், அப்ப நொடிக்கு 11,520 எழுத்து, 80 எழுத்து வரி ஒண்ணுக்கு கிட்டத்தட்ட 7 மில்லிசெகண்ட். 1 கிகாஹெர்ட்ஸ் சிபியுக்கு அது 70 லட்சம் சைக்கிள். 9600ல போனா அதே வரிக்கு 83 மில்லிசெகண்ட், இதுல ஒரு பிரின்ட்ட இன்டரப்ட் ஹேண்ட்லர்ல போட்டு மறந்துட்டா மெஷின் செத்த மாதிரியே கெடக்கும். லினக்ஸ்ல இது ரொம்ப நாள் தலைவலி, ஏன்னா கன்சோல் லாக் (ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் எழுதறதுக்கான பூட்டு) எவன் கைல மாட்டுதோ அவன் தலைலதான் மத்த சிபியு எழுதுன மெசேஜெல்லாம் சேத்து அடிக்கற வேல விழும், மத்தவங்க எழுத எழுத அவனுக்கு விடுதலையே கெடையாது. 2018ல கர்னல் டெவலப்பர் ஸ்டீவன் ராஸ்டெட் பண்ணுன மாற்றத்துல, காத்துக்கிட்டு இருக்கற அடுத்த ஆளுக்கு அந்த வேலய கை மாத்தி விட வழி வந்துச்சு. அப்புறம் இன்னொரு டெவலப்பர் ஜான் ஓக்னஸ் பல வருஷமா பிரின்ட்கேவ அடியில இருந்தே திருத்தி எழுதினாரு, 2020ல லினக்ஸ் 5.10ல லாக் இல்லாத ரிங் பஃபர் (பழசு மேலயே சுத்திச் சுத்தி எழுதற மெமரி) வந்துச்சு, 2024ல 6.12ல கன்சோலுக்குத் தனி த்ரெட் வந்துச்சு, ஆனா ஒவ்வொரு டிரைவரையும் அதுக்கேத்த மாதிரி மாத்தி எழுதணும். எழுத்த வெளிய தள்ளற ஒரு சின்ன வேலைக்கு இவ்வளவு உழைப்பான்னு தோணும், பானிக் வந்தப்ப கடைசி வரி வரலன்னா என்ன ஆகும்னு அனுபவிச்சவனுக்கு அதோட அருமை தெரியும். அதனால உன் கர்னல்லயும் மெசேஜ் மொதல்ல மெமரில இருக்கற ரிங் பஃபருக்குப் போகட்டும், கன்சோல் அதுல இருந்து எடுத்துக்கட்டும். கன்சோல் லேட்டா எழும்புனாலும் பழசையெல்லாம் அடிச்சுக் காட்டிடலாம்.

சின்னச் சின்ன விஷயம் ரெண்டு விட்டுப் போச்சு. புது வரிக்கு 10 (லைன் ஃபீட்) மட்டும் அனுப்புனா டெர்மினல்ல வரியெல்லாம் படிக்கட்டு மாதிரி சரிஞ்சு போகும், கூடவே 13ம் (கேரேஜ் ரிட்டர்ன்) அனுப்பு. பேக்ஸ்பேஸ் கர்சர நகத்துமே தவிர அழிக்காது, அதனால பேக்ஸ்பேஸ், ஒரு ஸ்பேஸ், மறுபடி பேக்ஸ்பேஸ்னு மூணையும் அனுப்பணும்.

பானிக் வழிய எழுதி முடிச்சதும் சும்மா ஒரு பானிக் போட்டுப் பாக்காத, கன்சோல் லாக்க ஒரு சிபியு புடிச்சுட்டு இருக்கற நேரத்துல இன்னொரு சிபியுல பானிக்கக் கெளப்பிப் பாரு. அந்த வரி வெளிய வந்துச்சுன்னா மொத்த மெசேஜ் பதிவையும் அப்படியே எனக்கு அனுப்பு. வரலன்னாலும் அனுப்பு, எந்த எழுத்தோட நின்னுச்சுன்னு ரெண்டு பேரும் உக்காந்து பாப்போம்.

அன்போட,
உன் பழைய லேப் கூட்டாளி