டிரெய்லர் கேட்டால் எடைச் சீட்டு ஏன் கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சில மாதங்களாகப் படகு இழுக்கும் டிரெய்லர் கேட்டு எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் கொஞ்சம் கோபத்தோடுதான் திரும்பிப் போகிறார்கள். "டிரெய்லர் செய்யச் சொன்னா வண்டியோட ஆர்.சி.யைக் கேக்குறீங்க, படகை எடை போட்டுட்டு வாங்கன்னு சொல்றீங்க, சம்பந்தம் பேசவா வந்தேன்?" என்று கீழக்கரைக் காக்கா (அண்ணன்) ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார். கேட்டதில் தப்பில்லை. எடைச் சீட்டு இல்லாமல் இனி டிரெய்லருக்கு அளவு எடுப்பதில்லை என்று நாங்கள் முடிவு செய்ததற்கான காரணத்தை யாருக்கும் உட்கார்ந்து விளக்கவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் தப்பைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன்பு 22 அடி ஃபைபர் வள்ளம் ஒன்றுக்கு டிரெய்லர் செய்து கொடுத்தோம். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வாடைக் காற்று அடித்தால் வடகடலில் (பாக் நீரிணையில்) நிற்க முடியாது, கச்சான் காற்று அடித்தால் தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) நிற்க முடியாது. வள்ளத்தைக் கரை மாற்றத்தான் பலருக்கும் டிரெய்லர் தேவைப்படுகிறது. அவரும் அதற்குத்தான் கேட்டார். நாங்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "வள்ளம் எத்தனை அடி?" 22 அடி என்றால் 450 கிலோ இருக்கும், டிரெய்லரோடு சேர்த்து எழுநூறைத் தாண்டாது என்று வாய்க்கணக்குப் போட்டோம். டயருக்குப் பழைய கார் டயர் இரண்டை மாட்டினோம்.

தேவிபட்டினம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது பின்னால் வள்ளம் ஆட ஆரம்பித்திருக்கிறது. பயந்துபோய் பிரேக்கை அழுத்தியிருக்கிறார். டிரெய்லர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வள்ளத்தோடு கருவேலங்காட்டுக்குள் இறங்கியது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் வள்ளத்தின் பின்பக்கம் விரிந்துவிட்டது, அச்சு வளைந்துவிட்டது. மறுநாள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, கரி லாரிகள் நிற்கும் எடை மேடைக்குப் போனோம். சீட்டில் வந்தது 1,130 கிலோ. அந்தச் சீட்டு இன்னும் எங்கள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது.

மிச்சம் 400 கிலோ எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தோம். வெறும் கூடு 450 கிலோ, அதில் எங்கள் கணக்கு சரி. 25 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின் 50 கிலோ. இரண்டு கேனில் எரிபொருள் 40. நங்கூரமும் கயிறும் 30. துடுப்பு, மிதவை, சாமான் செட்டு இன்னொரு 30. இதுவரை 600. அப்புறம் ஈர வலை 120 கிலோ. காய்ந்த வலைக்கும் ஈர வலைக்கும் உள்ள வித்தியாசத்தை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அன்று ராத்திரியே கடலுக்குப் போகிற எண்ணத்தில் ஐஸ் பெட்டியில் இரண்டு பார் ஐஸ் போட்டு வைத்திருந்தார், பெட்டியோடு 130. ஆக 850. நாங்கள் செய்த டிரெய்லரே 280. டிரெய்லருக்கும் எடை உண்டு என்பது பலருக்கு மறந்துவிடுகிறது. அன்றைக்கு எங்களுக்கே சரியாக நினைவில் இல்லை.

டயர்தான் எங்களை வெட்கப்பட வைத்தது. டயரின் ஓரத்தில் அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும், அது அந்த டயர் தாங்கும் சுமைக்கான குறியீடு. நாங்கள் மாட்டியதில் 69 என்று இருந்தது. 69 என்றால் 325 கிலோ. இரண்டு டயருக்கும் சேர்த்து 650. அதன் தலையில் ஆயிரத்துக்கு மேல் ஏற்றி அனுப்பியிருக்கிறோம். அந்த வள்ளத்தை எங்கள் செலவில் சரி செய்து கொடுத்தோம். பழைய கார் டயர் மாட்டுவதை அன்றோடு விட்டோம்.

கடையில் நாங்கள் அதிகம் கேட்கும் வாக்கியம் இது: "என் வண்டி இழுத்திருச்சே, அப்புறம் என்ன?" இழுப்பது பெரிய விஷயமே இல்லை. சமமான தார்ச்சாலையில் 1,130 கிலோவை உருட்டிக்கொண்டு போக 20 கிலோ தூக்கும் அளவு விசை இருந்தால் போதும், நாலு பேர் தள்ளினாலே நகரும். அதே டிரெய்லர் கடற்கரை மணலில் இறங்கினால் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் கேட்கும். அதனால்தான் கரையில் டிராக்டரைத் தேடுகிறோம். ஆக, இழுக்கிறதா என்பதை மணல் சொல்லிவிடும். நிறுத்த முடிகிறதா என்பதைச் சாலைதான் சொல்லும், அதுவும் மாடு குறுக்கே வரும்போது சொல்லும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற சுமையை நிறுத்துவதைவிட 60-இல் போகிற அதே சுமையை நிறுத்த பிரேக் இரண்டே கால் மடங்கு வேலை செய்ய வேண்டும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லை என்றால் அந்த வேலை முழுவதும் உங்கள் வண்டியின் பிரேக் தலையில்தான் விழும்.

அதனால் வண்டியோடு வருகிற புத்தகத்தைப் பாருங்கள். ஆர்.சி.யில் காலி எடை இருக்கும், ஆனால் இழுவைத் திறன் இருக்காது. அது தயாரிப்பாளர் கொடுத்த புத்தகத்தில்தான் இருக்கும். சிலவற்றில் இரண்டு எண்கள் இருக்கும்: பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒன்று, பிரேக் இல்லாததற்கு ஒன்று. சிறியதுதான் பெரும்பாலும் உங்களுக்குப் பொருந்தும். புத்தகத்தில் இழுவை பற்றி எதுவுமே இல்லை என்றால், அல்லது இழுக்கக் கூடாது என்று இருந்தால், அந்த வண்டிக்கு நாங்கள் ஹிட்ச் (டிரெய்லரைக் கோக்கும் கொக்கி) மாட்ட மாட்டோம். வெல்டிங் அடித்து எதையும் மாட்டலாம், மாட்டிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியின் பின்னால் கொக்கி வைத்து 28 அடி வள்ளத்தை இழுத்துப் போவதை நாங்களே பார்த்திருக்கிறோம். அது எங்களுக்கு வேண்டாம்.

ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் போகிற டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். நாங்களும் அதையே எங்கள் கோடாக வைத்துக்கொண்டோம். புத்தகத்தில் 1,000 கிலோ என்று இருந்தாலும் நாங்கள் 850-க்கு மேல் கட்டச் சொல்வதில்லை. உப்பு, துரு, மேடுபள்ளம், தேய்ந்த பிரேக் எல்லாம் அந்த மிச்சத்தில்தான் அடங்க வேண்டும்.

"அப்போ வலையையும் ஐஸ் பெட்டியையும் வண்டிக்குள்ள ஏத்திக்கிறேன்" என்பார்கள். நல்ல யோசனைதான். மேலே சொன்ன வள்ளத்தில் அந்த 250 கிலோவை எடுத்தால் 1,130 என்பது 880 ஆகிவிடும். ஆனால் அந்தச் சுமை எங்கும் மறைந்துவிடவில்லை, வண்டிக்குள் ஏறியிருக்கிறது. உங்கள் காரின் காலி எடைக்கும் அது தாங்கும் மொத்த எடைக்கும் நடுவே 500 கிலோ இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் ஏறினால் 325 போய்விடும். வலையும் ஐஸும் 250. அதிலேயே கணக்கு உதைக்கிறது. இதற்கும் மேல் டிரெய்லரின் முனை ஹிட்சை அழுத்துகிற சுமை 60, 80 கிலோ இருக்கும். அதுவும் வண்டி சுமக்கிற சுமைதான்.

இந்த முனைச் சுமையை நாங்கள் பட்டறையில் மூக்குச் சுமை என்போம். அன்று தேவிபட்டினத்தில் வள்ளம் ஆடியதற்கு எடையைவிட இதுதான் பெரிய காரணம். இன்ஜின் பின்னால் தொங்குகிறது, கேன்கள் பின்னால், ஐஸ் பெட்டியும் பின்னால். மூக்கு லேசாகிவிட்டது. மூக்கு லேசானால் டிரெய்லர் வாலாட்டும். ரொம்பக் கனமானால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் பிடி கொடுக்காது. மொத்த எடையில் நூற்றுக்கு ஏழிலிருந்து பத்து பங்கு மூக்கில் இருக்க வேண்டும், அதுவும் புத்தகத்தில் சொன்ன வரம்பைத் தாண்டாமல். 880 கிலோவுக்கு 62 முதல் 88 கிலோ வரை.

இதை அளக்க மெஷின் எதுவும் வாங்க வேண்டாம். மீன் கமிஷன் கடையில் இருக்கிற மேடைத் தராசு போதும். சமதரையில் டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, டிரெய்லரின் முனையை அதன் மேல் இறக்குங்கள். முனை, வண்டியின் ஹிட்ச் இருக்கும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். முனை ஏறியோ இறங்கியோ இருந்தால் எண் மாறிவிடும். குறைவாகக் காட்டினால் வள்ளத்தை முன்னால் தள்ள வேண்டும். அச்சுக்கும் ஹிட்சுக்கும் நடுவே 4 மீட்டர் என்றால், 600 கிலோ வள்ளத்தை 10 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தினால் மூக்கில் 15 கிலோ கூடும். அதற்காகத்தான் இப்போது நாங்கள் செய்கிற டிரெய்லரில் வின்ச் தூணை (வள்ளத்தின் முன்முனை முட்டி நிற்கும் தூண்) நகர்த்தி வைக்கும்படி துளைகள் விட்டிருக்கிறோம். அலங்காரம் என்று நினைத்து ஒருவர் அதை மூடி வெல்டிங் அடித்துவிட்டார்.

ஓடும்போது வாலாட்ட ஆரம்பித்தால் பிரேக்கைத் தொடாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள், தானாக அடங்கும். பாம்பன் சாலைப் பாலத்தில் இதை நினைவில் வையுங்கள். 2 கிலோமீட்டருக்கு மேல் இருபக்கமும் கடல், மறைப்பு ஒன்றும் இல்லை. கச்சான் வீசும் நாளில் ஃபைபர் வள்ளத்தின் பக்கவாட்டில் காற்று அறைந்தால் பாய் விரித்த மாதிரிதான். 40-க்கு மேல் போகாதீர்கள். போட்டோ எடுக்க நிறுத்துகிற கார்களும் இருக்கும்.

எடை போடப் போவதற்கு முன் வள்ளத்தின் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்துக்கு வெறும் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே 150 கிலோ. அது ஓடும்போது முன்னும் பின்னும் அலையும், அப்போது மூக்குச் சுமை நொடிக்கு நொடி மாறும். அடைப்பைக் கழற்றி வடிய விடுங்கள். தண்ணீரை வடித்த பிறகும் பழைய ஃபைபர் வள்ளம் செய்தபோது சொன்ன எடையைவிட அதிகம் காட்டினால், உள்ளே இருக்கிற ஃபோம் தண்ணீர் குடித்திருக்கும். அது டிரெய்லர் வேலை இல்லை, ஃபைபர் வேலை.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். டிரெய்லரும் மோட்டார் வாகனச் சட்டப்படி ஒரு வாகனம்தான், அதற்கும் பதிவு உண்டு. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அப்புறம், நீண்ட தூரம் ஓடி வந்த கையோடு சக்கரத்தைக் கடலில் இறக்காதீர்கள். சூடாக இருக்கிற பேரிங் உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். கையை வைத்துப் பார்த்து, ஆறிய பிறகு இறக்குங்கள்.

எங்கள் வியாபாரத்துக்கு எதிரான ஒன்றையும் சொல்கிறோம். வருடத்தில் இரண்டே முறை கரை மாற்றுகிறவருக்கு டிரெய்லர் வேண்டியதில்லை. டிராக்டர் வாடகையோ லோடு வண்டி வாடகையோ கொடுத்துவிடலாம், டிரெய்லரைத் துருப்பிடிக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது மலிவு. மாதத்துக்கு இரண்டு மூன்று முறை இழுக்கிறவர்கள், சுற்றுலாப் படகு வைத்திருக்கிறவர்கள் வாருங்கள்.

வரும்போது வண்டியின் புத்தகம், ஆர்.சி., எடைச் சீட்டு மூன்றும் வேண்டும். மேடைத் தராசு எங்களிடமே வாங்கி வைத்திருக்கிறோம், மூக்குச் சுமை பார்க்கக் காசு இல்லை. எடை போடும்போது மட்டும் வள்ளத்தைக் காலி செய்துவிட்டுப் போகாதீர்கள். கடலுக்குப் போகிற அன்று எப்படி இருக்குமோ அப்படியே, ஈர வலையோடும் ஐஸ் பெட்டியோடும், ஒரு டிராக்டரில் கட்டி எடை மேடையில் ஏற்றுங்கள். டிராக்டரைக் கழற்றி அந்தப் பக்கம் நிறுத்தச் சொல்ல மறக்க வேண்டாம். போன வாரம் ஒருவர் டிராக்டரோடு சேர்த்துப் போட்ட சீட்டைக் கொண்டு வந்து கொடுத்தார்.

இப்படிக்கு,
பட்டறையிலிருந்து