பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவும் உங்கள் ஞாயிறு இணைப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் தொண்ணூறுகளின் கணினி விளையாட்டுகள் பற்றி முழுப் பக்கக் கட்டுரையைக் கண்டதும், காபியை ஆறவிட்டுப் படித்தேன். மூன்றாம் பத்தியில், "2010இல் வெளிவந்த ஹாலிவுட் படத்தைத் தழுவிய பிரின்ஸ் ஆஃப் பெர்சியா" என்று இருக்கிறது. அப்படியானால், கும்பகோணத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் டாஸ் என்ற பழைய இயங்குதளத்தைச் சொல்லிக்கொடுத்த காலத்தில் பிள்ளைகள் ஆடியது, எடுக்கப்படாத படத்தின் விளையாட்டையா? ஜோர்டன் மெக்னர் அதை ஆப்பிள் 2 கணினிக்கு எழுதி வெளியிட்டது 1989இல். டாஸுக்கு வந்தது 1990இல். தங்களுக்குத் தெரியாததா? அச்சுக்குப் போகும் முன் தங்களிடம் யாராவது காட்டியிருந்தால் நீங்களே அடித்துத் திருத்தியிருப்பீர்கள்.

ஆண்டுகூடப் போகட்டும். "கிராபிக்ஸே இல்லாத, இன்றைய குழந்தைகள் ஒரு நிமிடம்கூடத் தொடாத விளையாட்டுகள்" என்று ஒரு தீர்ப்பு வேறு. மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்து வீடியோ எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்து வரைந்ததுதான் இளவரசனின் ஓட்டம். கணினியின் நினைவகம் நிரம்பி, புதிதாக ஓர் எதிரியை வரைந்து சேர்க்க இடமில்லாமல் போனபோது, இளவரசனின் படங்களையே சற்று நகர்த்தி அவற்றின் மேலேயே போட்டு ஒரு நிழல் மனிதனை உண்டாக்கினார். நான்காம் லெவலில் கண்ணாடிக்குள் பாய்ந்தால் அவன் வெளியே வருவான். ஐந்தாம் லெவலில் நமக்கான மருந்தைக் குடித்துவிட்டு ஓடுவான். பன்னிரண்டாம் லெவலில் எதிரே வாளோடு நிற்பான். அவனை வெட்டினால் நம் உயிரும் குறையும். வாளை உறையில் போட்டுவிட்டு நெருங்கினால்தான் இருவரும் ஒருவராவார்கள். யாரும் சொல்லாமல் இதைக் கண்டுபிடித்த மாணவன் போட்ட கூச்சலில், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட உள்ளே ஓடிவந்தார்கள். இதுதான் கிராபிக்ஸ் இல்லாத விளையாட்டு.

உங்கள் பத்திரிகைக்கு இது புதிதல்ல. 1996இல், கணினி மையங்கள் விளையாட்டுக் காட்டிப் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று ஒரு கட்டுரை போட்டீர்கள். எத்தனை முறை எழுதிப்போட்டும் மண்டையில் ஏறாத சிடி, டிஐஆர் என்ற டாஸ் கட்டளைகள் எல்லாம், டேஞ்சரஸ் டேவ் என்ற விளையாட்டு எந்த டைரக்டரியில் இருக்கிறது என்று தேடும்போது தானாக வந்துவிடும். அந்த டேவை எழுதிய ஜான் ரோமேரோதான் 1993இல் டூம் என்ற விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர். இதையெல்லாம் எழுதி அனுப்பிய என் மறுப்பை நான்கு வரியாக நறுக்கிப் போட்டீர்கள். அந்த நான்கு வரியாவது கையில் இருக்கட்டும் என்று பிற்பாடு உங்கள் அலுவலகத்தில் கேட்டால், "பழசெல்லாம் எடைக்குப் போட்டாச்சும்மா" என்றார்கள். மெக்னரின் அப்பா வீட்டு அலமாரியில் கிடந்த பழைய டிஸ்குகளை எடைக்குப் போடவில்லை. 2012இல் அவற்றிலிருந்து பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் மூல நிரலை மீட்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று மெக்னர் இணையத்தில் வைத்துவிட்டார். உங்கள் ஊழியரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு இடநெருக்கடி.

இன்றைய குழந்தைகள் தொடமாட்டார்களாம். பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவைப் போட்டு, என் அக்காள் பேரனிடம் கொடுத்தேன். சாப்பிடக் கூப்பிட்டால், "இருங்க பாட்டி, ஒரு மணி நேரத்துக்குள்ள இளவரசியைக் காப்பாத்தணும்" என்கிறான். பழையதெல்லாம் அமுதம் என்று சொல்ல நான் வரவில்லை. டேவ் எனக்கே இப்போது அரை மணியில் அலுத்துவிடுகிறது. ஆனால் அது ஆடிப் பார்த்துச் சொன்னது. உங்கள் கட்டுரையாளர் ஒருமுறையேனும் ஆடியிருந்தால் "வில்லனைச் சுட்டு வீழ்த்தி" என்று எழுதியிருக்கமாட்டார். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவில் துப்பாக்கியே கிடையாது.

குறுக்கெழுத்துக்கு விடை போடாமல் விடுவதைப் பற்றிப் பலமுறை எழுதி ஓய்ந்துவிட்டேன். அதை இங்கே இழுக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு வரித் திருத்தம் போடுங்கள், போதும். ராசிபலனுக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம். இந்தக் கடிதத்தை வழக்கம்போல நறுக்கித்தான் ஆகவேண்டும் என்றால், 1989 என்ற எண்ணையாவது விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.