1881-இலேயே நாகையில் பதிவான சுனாமி

ஆசிரியருக்கு வணக்கம். டிசம்பர் வந்தாலே 2004 சுனாமியைப் பற்றி எழுதுகிறோம், சரி, ஆனால் அந்தமான்–சுமத்ரா பகுதியில் அதற்கு முன்னும் பூமி பெரிதாக ஆடியிருக்கிறது என்பதை நம் டெல்டா பிள்ளைகளுக்கு அதிகம் சொல்வதில்லை. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே ஏறக்குறைய 7.9 அளவில் நிலநடுக்கம். அதில் கிளம்பிய சுனாமியை நாகப்பட்டினத்தில் இருந்த கடல்மட்டக் கருவி, ஒரு மீட்டருக்குச் சற்று மேல் என்று கோடு போட்டுக் காட்டியது. 1941-இல் அந்தமானில் மறுபடியும். பூமியின் மேலோடு பல பாளங்களாக, அதாவது தட்டுகளாக, இருக்கிறது; அவற்றில் இந்தியத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில் இன்னும் நுழைந்துகொண்டேதான் இருக்கிறது. 2012-இல் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தபோது, தட்டு மேலும் கீழுமாக அல்லாமல் பக்கவாட்டில் நகர்ந்ததால்தான் பெரிய அலை எழவில்லை. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பள்ளிகளில் இதைப் பாடமாக வையுங்கள், அப்புறம் நில அதிர்வே தெரியாவிட்டாலும் கடல் உள்வாங்கினால் உடனே மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதையும்.

— ஒரு வாசகர், நாகப்பட்டினம்