சைனைக் கூப்பிடுவதற்கு முன்

மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, அது போதும். இங்கே எல்லாரும் சுகம். சின்னவள் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டாள், வீட்டில் இப்போது என்னைவிட அவள்தான் அதிகம் கோட் எழுதுகிறாள்.

புரோகிராமில் சைன் ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் முன் கோணத்தை 0 முதல் 2 பை (2π, ஒரு முழுச் சுற்று) வரைக்குள் கொண்டுவரணுமா என்று கேட்டிருந்தாய். கோணம் டபுளில் (64 பிட் தசம எண்), ரேடியனில் இருந்தால் நீ கை வைக்காதே, நல்ல லைப்ரரி அதை உன்னைவிட ஒழுங்காகச் செய்யும். பெய்ன், ஹானெக் என்ற இருவர் 1983-லேயே வழி சொல்லிவிட்டார்கள்: 2-ஐப் பையால் வகுத்தால் வரும் எண்ணை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிட் நீளத்துக்கு அட்டவணையாக வைத்துக்கொண்டு, கோணத்துக்குத் தேவையான துண்டை மட்டும் எடுத்துப் பெருக்குவது. நீயே எஃப்மாட் (fmod, மீதி எடுக்கும் ஃபங்ஷன்) போட்டாலும் மீதி துல்லியமாகத்தான் வரும், ஆனால் நீ வகுப்பது டபுளில் அடங்கிய பையால், அசல் பையால் இல்லை. பத்து லட்சம் ரேடியன் போனால் 11-ஆவது தசம இடத்திலேயே பிசகும்.

ஃப்ளோட் (32 பிட் மட்டுமே உள்ள தசம எண்) என்றால் கதை வேறு. சின்னவள் சிங்கப்பூர் ஃப்ளையர் என்ற ராட்சத ராட்டினத்தைத் திரையில் சுற்றவிட்டாள், அரை மணிக்கு ஒரு சுற்று, நொடிக்கு 60 ஃபிரேம், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 0.000058 ரேடியன் கூட்டிக்கொண்டே போவது. ராப்பகலாக ஓடவிட்டதில் நாலாம் நாள் சக்கரம் நின்றுபோச்சு! 1024-ஐத் தாண்டினால் ஃப்ளோட்டில் அடுத்தடுத்த எண்களுக்கு இடைவெளியே 0.000122, கூட்டுவது அதில் பாதிகூட இல்லை, ரவுண்ட் ஆகிப் பழைய எண்ணே திரும்ப வருகிறது. பாவம் சைன் என்ன செய்யும், கோணம் அதன் கைக்கு வரும் முன்பே கெட்டுவிட்டது.

அதனால் ஃபிரேமை முழு எண்ணாக எண்ணு, ஒரு சுற்றுக்கு 108000, அதால் வகுத்த மீதியில் ஒரு பொட்டுப் பிழை கிடையாது, அப்புறம் ரேடியனாக்கு. டிகிரி என்றாலும் இதே, முதலில் 360-ஆல் மீதி எடு.

இன்னொன்று. அசல் ஃப்ளையரையே 2008 ஆகஸ்டில் ஃபெங் சுயி ஆட்கள் சொன்னார்கள் என்று எதிர்த்திசையில் திருப்பினார்கள். கோணம் மைனஸில் போனால் சி-யில் மீதியும் மைனஸில் வரும், பைத்தானில் வராது. சைனுக்கு அது பரவாயில்லை, ஆனால் ஆட்கள் ஏறும் 28 கேப்ஸ்யூலில் எது கீழே நிற்கிறது என்று அந்த மைனஸ் எண்ணை வைத்து அரேயில் (வரிசைப் பட்டியலில்) தேடினாயோ, தீர்ந்தது.

உன் மோட்டார் போர்டில் டபுள் உண்டா, ஃப்ளோட் மட்டும்தானா? அதை எழுது, மீதியைப் பார்ப்போம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் நண்பன்